புல்தரையும் பூம்பாத்தியும்: ஆங்கிலத் தோட்டத்தை ஆக்கிய கைகள்

ஒட்ட வெட்டிய புல்தரை, அதன் ஓரமாக நீளும் பூம்பாத்தி, அருகே ஒரு நீர்ப்பரப்பு: இங்கிலாந்தின் அலங்காரத் தோட்டம் இந்த மூன்றாலும் ஆனது. இன்று உலகின் பல மூலைகளில் பூங்கா என்றதும் மனத்தில் எழும் வடிவமும் இதுதான். இந்த வடிவம் உருவாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. பிரபுக்களின் ரசனை எப்படி மாறியது, எந்தக் கலைஞர் எந்தப் பாணியைத் தொடங்கினார் என்பது பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாணிக்கும் அடியில் இன்னொரு கணக்கும் ஓடியது: புல்லை யார் அறுப்பது, எந்தக் கருவியால் அறுப்பது, அந்த ஆளுக்கு என்ன கூலி, குளிரில் செடியை எங்கே வைத்துக் காப்பது. தோட்டக்கலையின் வரலாறு பெரும்பாலும் பராமரிப்பின் வரலாறு. அந்தக் கணக்கு மாறிய போதெல்லாம் தோட்டத்தின் முகமும் மாறியது.

புல்லைப் பயிரிட்டுத் தரையாக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஆல்பர்ட்டஸ் மாக்னஸ், தாவரங்களைப் பற்றிய தம் நூலில் அதற்கான முறையை விளக்கியிருக்கிறார். முதலில் நிலத்திலுள்ள வேர்களையெல்லாம் கிளறி எடுத்து, மண்ணைச் சமன்செய்ய வேண்டும். பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்ற வேண்டும். மண்ணில் எஞ்சிய விதையும் வேரும் வெந்து மடிந்துவிடும். அதன்மேல் வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மெல்லிய புல்பத்தைகளைப் பரப்பி, அகன்ற மரச்சுத்தியால் அடித்து, காலால் மிதித்து இறுக்க வேண்டும். புல் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மண்ணோடு அழுந்தியபின், சிறுகச் சிறுக முளைத்து மேலெழுந்து பச்சைத் துணி விரித்தாற்போல் நிலத்தை மூடும். களைக்கொல்லி இல்லாத காலத்தில் களையை வெல்ல இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது.

இங்கிலாந்தில் புல் இவ்வளவு நன்றாக வருவதற்கு அந்நாட்டின் வானிலையே காரணம். கடும் கோடையும் இல்லை, நிலம் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் குளிரும் இல்லை. மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. மெல்லிய இலைகொண்ட புல்வகைகள் அங்கே இயல்பாகவே அடர்ந்து வளரும். ஆகவே புல்லை வளர்ப்பது அங்கே பெரிய வித்தை இல்லை. வளர்ந்ததை ஒரே அளவில் வெட்டி வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பெருந்தோட்டங்கள் பிரெஞ்சு, டச்சுப் பாணிகளைப் பின்பற்றின. வெர்சாயில் ஆந்த்ரே லெ நோத்ர் அமைத்த தோட்டம்தான் எல்லாருக்கும் அளவுகோல். நேர்க்கோட்டில் ஓடும் பாதைகள், தரையில் கோலம்போல் வளைந்து செல்லும் குட்டையான பாக்ஸ் செடி வரிசைகள், கூம்பாகவும் உருண்டையாகவும் கத்தரித்த மரங்கள், நடுவில் நீரூற்று. இவற்றுக்கு வேண்டிய செடிகளைப் பெருமளவில் வளர்த்து விற்க 1681இல் லண்டனுக்கு அருகே பிராம்ப்டன் பார்க் நாற்றுப்பண்ணை தொடங்கப்பட்டது. ஜார்ஜ் லண்டன், ஹென்றி வைஸ் இருவர் பொறுப்பில் அது சுமார் 100 ஏக்கருக்கு விரிந்து, நாட்டின் பெரிய மாளிகைகள் பலவற்றுக்கும் செடி அனுப்பியது. பாக்ஸ் வரிசையை ஆண்டுதோறும் கவாத்து செய்யாவிட்டால் கோலம் கலைந்துவிடும். 1702இல் பட்டத்துக்கு வந்த ஆன் அரசிக்கு அந்தச் செடியின் வாடை பிடிக்காமல், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அதைப் பிடுங்கிவிட்டுப் புல் போட்டார்கள். பராமரிப்புச் செலவும் கூடவே குறைந்தது.

அடுத்த தலைமுறை நேர்க்கோட்டையே கைவிட்டது. ஸ்டோ மாளிகைத் தோட்டத்தில் சார்ல்ஸ் பிரிட்ஜ்மேனும் அவருக்குப் பின் வில்லியம் கெண்டும் வேலிகளை மறைத்து வெளிநிலத்தையும் தோட்டத்தின் காட்சிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு உதவியது ஹா-ஹா எனப்படும் ஒருபக்கச் சுவர்ப் பள்ளம். வீட்டுப் பக்கம் செங்குத்தான தாங்குசுவர், மறுபக்கம் சரிவு. வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி அடிவானம்வரை தடையின்றி நீளுவதாகவே தெரியும். ஆடுமாடுகளோ பள்ளத்தைத் தாண்டி மலர்ச்செடிகளிடம் வர முடியாது. பள்ளத்துக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்துக்கொண்டன. இப்பால் மட்டும் ஆள் வைத்து அறுத்தால் போதும். நூற்றுக்கணக்கான ஏக்கரைப் பசும்பரப்பாகக் காட்ட இது சிக்கனமான ஏற்பாடு.

இந்த முறையை நாடெங்கும் கொண்டுசென்றவர் லான்சலாட் பிரவுன் (1716–1783). 1741இல் ஸ்டோவில் சேர்ந்து, தலைமைத் தோட்டக்காரராகி, பத்தாண்டுகளுக்குப் பின் தனியே தொழில் தொடங்கி, 170க்கும் மேற்பட்ட இடங்களில் பணி செய்தவர். நிலத்தைப் பார்த்ததுமே அதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லும் வழக்கத்தால் 'கேபபிலிட்டி' என்ற பட்டப்பெயர் பெற்றார். அவர் போட்ட தோட்டங்களில் பூக்களுக்குப் பெரிய இடமில்லை. மாளிகைப் படிவரை வரும் புல், ஆங்காங்கே மரத்தோப்பு, தாழ்நிலத்தில் வளைந்து கிடக்கும் ஏரி, இவ்வளவுதான். பிளெனிம் மாளிகையில் 1760களில் க்ளைம் என்ற சிற்றாற்றை அணைகட்டி அவர் உண்டாக்கிய ஏரி இன்றும் அவருடைய தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படுகிறது. அங்கே முன்பே மாளிகையின் வடிவமைப்பாளர் வான்பரோ கட்டியிருந்த மாபெரும் பாலம் சிறு ஓடைக்கு மேல் பொருந்தாமல் நின்றது. பிரவுன் நீர்மட்டத்தை உயர்த்தியதும் பாலத்தின் கீழ்த்தளத்து அறைகள் நீரில் மூழ்கின; பாலமும் தன் அளவுக்கேற்ற நீரைப் பெற்றது.

ஏரியில் நீர் நிற்க வேண்டுமானால் அடியில் கசிவு இருக்கக் கூடாது. அந்நாளில் அதற்கு ஒரே வழி களிமண். வெட்டியெடுத்த களியில் நீர் விட்டு, கட்டி உடையும்வரை மண்வெட்டியால் கொத்திப் பிசைந்து, அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஆட்கள் மிதித்து இறுக்குவார்கள்; சில இடங்களில் கால்நடைகளை ஓட்டி மிதிக்கவிட்டார்கள். வேலை முடியுமுன் களி காய்ந்துவிட்டால் வெடித்துக் கசியும். ஆகவே ஈரம் போகாமல் காத்து உடனே நீர் நிரப்ப வேண்டும். கால்வாய் வெட்டுபவர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள். இயற்கையாகத் தோன்றும்படி அமைந்த அந்த ஏரிகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வண்டி மண்ணை அள்ளிக் கொட்டிய கூலியாட்களின் கைவேலை.

வீட்டை ஒட்டிய புல்தரைக்கு நீண்ட பிடிகொண்ட இருகை அரிவாள்தான் கருவி. புல் அறுப்பவர்கள் விடியலுக்கு முன்பே வந்துவிட வேண்டும். பனியில் நனைந்த புல்தான் கத்திக்கு நிமிர்ந்து நின்று வெட்டுப்படும்; வெயில் ஏறி உலர்ந்துவிட்டால் வளைந்து நழுவிவிடும். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்வரிசையில் நின்று, இடுப்பைத் திருப்பி ஒரே தாளத்தில் வீசிக்கொண்டு முன்னேறுவார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று சாணைக்கல்லால் கத்தியைத் தீட்டிக்கொள்வார்கள். முந்தைய மாலையே மண்புழு எச்சங்களை நீண்ட கழியால் அடித்துச் சிதறடித்து, கல்லுருளையை இழுத்துத் தரையை இறுக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தியின் முனை மண்ணில் பட்டு மழுங்கும். பின்னால் பெண்களும் சிறுவர்களும் துடைப்பத்தால் புல்லைக் கூட்டிக் கூடையில் அள்ளுவார்கள். கைதேர்ந்தவர் அறுத்த தரையில் அரிவாள் வீச்சின் தழும்பே தெரியாது. வளர்ச்சிக் காலத்தில் இதைச் சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் முன்னால் சீரான புல்தரை இருந்தால், அந்த வீட்டுக்காரர் இத்தனை பேருக்குக் கூலி கொடுக்க வல்லவர் என்று பொருள்.

இந்த நிலையை மாற்றியவர் தோட்டத்துறைக்கே தொடர்பில்லாத ஒருவர். குளொஸ்டர்ஷரில் ஸ்ட்ரவுட் ஊரைச் சுற்றிக் கம்பளி நெசவாலைகள் நிறைய இருந்தன. நெய்த துணியின் மேல் எழும் பிசிறை ஒரே உயரத்தில் சிரைத்தெடுக்க அங்கே சுழலும் திருகுக் கத்திகொண்ட இயந்திரம் பயன்பட்டது. அதைக் கண்ட எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், துணியின் பிசிறுக்குப் பொருந்துவது புல்லுக்கும் பொருந்தும் என்று எண்ணினார். 1830 ஆகஸ்ட் 31இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னால் உள்ள உருளை தரையில் உருள, பல்சக்கரங்கள் வழியே அந்த ஓட்டம் 19 அங்குல அகலக் கத்தி உருளைக்குச் செல்லும்; வெட்டிய புல் முன்னால் உள்ள தட்டில் விழும். ஜான் ஃபெராபீயின் வார்ப்பாலையில் இயந்திரங்கள் தயாராயின. நாட்டுப்புறக் கனவான்கள் இதைத் தாமே தள்ளினால் பயனும் உடற்பயிற்சியும் ஒருங்கே கிடைக்கும் என்று பட்டிங் தம் விண்ணப்பத்தில் எழுதினார். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குத் தோட்டம் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று. அரிவாளும் துடைப்பமுமாக ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையை இது செய்கிறது என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் சான்று தந்தார். அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

1832இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரிப்பில் இறங்கியது. 1842இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தில் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் பெரிய இயந்திரம் செய்தார். குளம்புத் தடம் புல்லில் பதியாமலிருக்கக் குதிரையின் நான்கு காலுக்கும் தோல் காலணி மாட்டினார்கள். 1859இல் லீட்ஸின் தாமஸ் கிரீன், பல்சக்கரத்துக்குப் பதில் சங்கிலியைக் கொண்டு ஓசை குறைந்த இயந்திரம் கொண்டுவந்தார். 1893இல் நீராவி, 1902இல் பெட்ரோல் என்று அது தொடர்ந்தது. சமமான புல்தரை மலிவானதும் விளையாட்டுகளும் அதில் இறங்கின. விம்பிள்டனில் 1877இல் நடந்த முதல் டென்னிஸ் போட்டிக்கு ஒரு காரணம், மைதானத்துப் புல்லுருளை பழுதாகி அதைச் சீர்செய்யப் பணம் தேவைப்பட்டதுதான் என்று சொல்லப்படுகிறது.

இயந்திரம் வந்த அதே காலத்தில் நகரங்களைச் சுற்றிப் புறநகர் வீடுகள் பெருகின. ஆலை மேலாளர், வழக்கறிஞர், கடைக்காரர் ஆகியோருக்கெல்லாம் வீட்டுக்கு முன்னும் பின்னும் சிறிது நிலம் இருந்தது. அவர்களுக்குத் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தவர் ஜான் கிளாடியஸ் லௌடன். 1826இல் அவர் தொடங்கிய இதழும் 1838இல் எழுதிய புறநகர்த் தோட்ட நூலும் பிரபுக்களின் கலையை நடுத்தர வர்க்கத்திடம் கொண்டுசேர்த்தன. அவருடைய மனைவி ஜேன் லௌடன் 1840இல் பெண்களுக்கென்றே தோட்டக்கலை நூல் எழுதினார். மண்ணைக் கொத்துவது எப்படி என்பதிலிருந்து தொடங்கும் அந்நூல், வீட்டுப் பெண் தன் கையாலேயே மண்வெட்டி பிடிக்கலாம் என்று துணிவூட்டியது.

நட வேண்டிய செடிகளும் இதற்குள் உலகெங்கிலுமிருந்து வந்து குவியத் தொடங்கியிருந்தன. அதுவரை கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றிலும் வெயிலிலும் நீர்ப்பஞ்சத்திலும் வழியிலேயே மடிந்தன. 1829இல் லண்டன் மருத்துவர் நதேனியல் வார்ட் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிச் சாடியில் வைத்திருந்தபோது, அந்த மண்ணில் சிறு பெரணி ஒன்று முளைத்து, நீர் ஊற்றாமலேயே தழைத்தது. செடி வெளிவிடும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. 1833இல் இத்தகைய மூடிய பெட்டிகளில் செடிகளை சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார்; அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்ட் பெட்டி இல்லாமல் தென் அமெரிக்காவின் பூச்செடிகளோ சீனத்தின் தேயிலைக் கன்றுகளோ அவ்வளவு எளிதாகக் கடல் கடந்திருக்க முடியாது.

வெப்பநாட்டுச் செடிகளைக் குளிரில் காக்கக் கண்ணாடி வீடு வேண்டும். கண்ணாடிக்கு எடையளவில் வரி இருந்தவரை அது செல்வர்களின் உடைமை. 1845இல் அந்த வரி நீக்கப்பட்டதும் கண்ணாடி விலை சரிந்தது. சாதாரண மாளிகைகளிலும் கண்ணாடி வீடுகள் எழுந்தன. சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷர் கோமகனின் தலைமைத் தோட்டக்காரரான ஜோசப் பாக்ஸ்டன் 1849 நவம்பரில் அமேசான் பெருந்தாமரையைப் பூக்கவைத்தார். ஆளையே தாங்கும் அதன் இலையின் அடிநரம்புகள் கட்டடக் கலைக்கே முன்மாதிரியாயின. இரண்டே ஆண்டுகளில், 1851 லண்டன் கண்காட்சிக்கான பளிங்கு மாளிகையை அவர்தான் வடிவமைத்தார். தோட்டக்கார வேலையில் சிறுவயதில் சேர்ந்த ஒருவர் எட்டிய உயரம் இது.

கண்ணாடி வீட்டிலிருந்து பிறந்ததுதான் விக்டோரியா காலத்தின் பாத்திமுறை. தென் ஆப்பிரிக்காவின் பெலார்கோனியம், தென் அமெரிக்காவின் பெட்டூனியா, வெர்பினா, கால்சியோலேரியா, சால்வியா ஆகியவற்றைக் குளிர்காலம் முழுவதும் உள்ளே வளர்த்து, மே இறுதியில் உறைபனி பயம் நீங்கியபின் பாத்திகளில் நெருக்கமாக நடுவார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணக் கட்டங்கள் அக்டோபர்வரை நிற்கும். உறைபனி வந்ததும் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வசந்தத்துக்காக டூலிப், பதுமராகக் கிழங்குகளைப் புதைப்பார்கள். அடுத்த ஆண்டுக்கான குச்சிகளை ஆகஸ்டிலேயே வெட்டித் தொட்டியில் வேர்பிடிக்க வைத்திருக்க வேண்டும். 1860களில் இதன் உச்சமாகக் கம்பளப்பாத்தி வந்தது. ஆல்டர்னாந்திரா, ஐரசின், எக்கவேரியா போன்ற குட்டை இலைச்செடிகளை நட்டு, தரைவிரிப்பின் சித்திரம்போல் கத்தரித்துக்கொண்டே இருப்பார்கள். எடின்பரோவில் 1903இல் அமைந்த மலர்க்கடிகாரம் இம்முறையின் வாரிசு. நம் ஊர்ப் பூங்காக்களில் ஊர்ப்பெயரையும் சின்னங்களையும் எழுதப் பயன்படும் சிவப்பு, பச்சை இலைச்செடிகள் இன்னும் அதே ஆல்டர்னாந்திராதான்.

ஒரு குடும்பத்தின் அந்தஸ்து அது கோடையில் நடும் செடிகளின் எண்ணிக்கையில் தெரியும் என்று அக்காலத் தோட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்: சிறு நிலக்கிழாருக்கு 10,000, கோமகனுக்கு 40,000. இந்தச் செடிகளைப் பதியமிட்டு, தொட்டி மாற்றி, நட்டு, நீரூற்றிய இளைஞர்கள் கண்ணாடி வீட்டின் பின்சுவரை ஒட்டிய சிறு குடியிருப்பில் தங்கினார்கள். இரவில் கொதிகலனுக்கு நிலக்கரி போடும் முறை ஒவ்வொருவருக்கும் வரும். நெருப்பு அவிந்து ஓர் இரவு குளிர் புகுந்தால் ஆண்டு முழுவதும் வளர்த்த செடிகள் கருகிவிடும். பதினான்கு வயதில் தொட்டி கழுவுபவராகச் சேர்ந்து, மாளிகைக்கு மாளிகை மாறி, இலத்தீன் பெயர்களைக் கற்று, பல ஆண்டுகளுக்குப் பின் தலைமைத் தோட்டக்காரராக உயர்பவர் சிலரே. விக்டோரியா காலத் தோட்டங்களின் ஒளிக்கு அடியில் கிடந்த இந்த வாழ்க்கைதான் அவற்றைப் பற்றிய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது.

பாத்திமுறையைக் கடுமையாக எதிர்த்தவர் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் ராபின்சன். ஆண்டுக்கு இருமுறை பிடுங்கி எறியும் செடிகளில் உயிரும் இல்லை, அழகும் இல்லை என்பது அவர் கட்சி. 1870இல் காட்டுத்தோட்டம் பற்றியும், 1883இல் ஆங்கில மலர்த்தோட்டம் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் தானே துளிர்க்கும் பல்லாண்டுச் செடிகளை மீண்டும் மதிக்க வைத்தன. குடிசைவாசிகளின் முற்றங்களில் ஹாலிஹாக், பியோனி, டெல்பீனியம் முதலியவை எந்தக் காலத்திலும் மறையாமல் இருந்தன. செல்வர் வீடுகளில் அவற்றுக்குச் சிறப்பான இடம் கிடைத்தது இதற்குப் பின்தான்.

பூம்பாத்தியைக் கலையாக்கியவர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). ஓவியம் பயின்றவர், பார்வை மங்கியதால் நுண்வேலைகளை விட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் என்ற தம் வீட்டில் அவர் போட்ட பாத்தி ஏறத்தாழ 200 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்டது. பின்னால் உயர்ந்த கற்சுவர். இரு முனைகளிலும் சாம்பல்நிற இலைகளும் மங்கிய நீலமும் வெள்ளையும். உள்ளே போகப்போக வெளிர்மஞ்சள், பொன்மஞ்சள், ஆரஞ்சு. நடுவில் கொழுந்துவிட்டெரியும் சிவப்பு. அங்கிருந்து மீண்டும் படிப்படியாகக் குளிர்ந்த நிறங்கள். நடந்து செல்பவரின் கண் ஒரு நிறத்தில் நிறைந்து, அடுத்த நிறத்துக்குத் தானே ஏங்கும்படி அமைத்தார். வட்டமும் சதுரமுமாக நடாமல் நீண்டு சரிந்த கூட்டங்களாக நட்டதால், ஒரு செடி பூத்து ஓய்ந்தாலும் பெரிய வெற்றிடம் தெரியாது.

அந்தப் பாத்தியைக் கோடை முழுவதும் நிறைவாக வைத்திருந்த உத்திகள்தான் அவருடைய உண்மையான புலமை. டெல்பீனியம் ஜூலையில் பூத்து முடிந்ததும் அதன் தண்டுகளைப் பாதி உயரத்தில் வெட்டுவார். பின்னால் நட்டிருக்கும் பல்லாண்டுப் பட்டாணிக்கொடியை இழுத்து அதன்மேல் படரவிடுவார். பட்டாணியும் ஓய்ந்ததும் அதற்கும் பின்னாலிருந்து கிளெமாடிஸ் கொடி வரும். ஓரியண்டல் பாப்பி மே மாதத்தில் பூத்து இலையும் பட்டுப்போனால், பக்கத்திலிருக்கும் ஜிப்சோபிலா வெண்புகையாகப் பரவி அந்த இடத்தை மூடும். அது விதைகட்டிப் பழுப்பாகும்போது நஸ்டர்சியக் கொடி அதன்மேல் ஏறும். இத்தனைக்கும் மேல் எங்காவது இடைவெளி விழுந்தால், தொட்டியில் தயாராக வைத்திருந்த லில்லியையோ ஹைட்ரேஞ்சியாவையோ கொண்டுவந்து இறக்குவார்கள். கட்டட வரைஞர் எட்வின் லட்யன்ஸோடு சேர்ந்தும் தனித்தும் அவர் சுமார் 400 தோட்டங்களுக்கு வரைபடம் தந்தார். லட்யன்ஸ்தான் பின்னர் புதுதில்லியில் வைஸ்ராய் மாளிகையையும் அதன் முகலாயபாணித் தோட்டத்தையும் வடிவமைத்தவர்.

பல்லாண்டுச் செடி என்றால் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று கருதியவர்கள் ஏமாந்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைத் தோண்டியெடுத்துப் பிரித்து, நடுவிலுள்ள கிழட்டு வேரை நீக்கி, ஓரத்து இளந்தூர்களை மட்டும் தொழுவுரமிட்ட மண்ணில் மீண்டும் நட வேண்டும். உயர்ந்து வளர்பவற்றுக்கு மே மாதத்திலேயே மிலாறு ஊன்றி முட்டுக்கொடுக்க வேண்டும். காற்றடித்துச் சாய்ந்தபின் கட்டினால் கட்டு தெரியும். வாடிய பூவைத் தினமும் கிள்ளாவிட்டால் செடி விதைகட்டப் போய்விடும். புல்தரை பாத்தியைத் தொடும் விளிம்பைப் பிறைவடிவ வெட்டியால் சீவிச் சீவியே கோடு நிற்க வைக்க வேண்டும். பாத்திமுறையைவிட இது செலவு குறைவு என்று ராபின்சன் சொன்னது ஓரளவுக்கே உண்மை.

நீர்த்தோட்டத்துக்குப் புதுவாழ்வு பிரான்சிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் குளிரைத் தாங்கும் அல்லி பெரும்பாலும் வெள்ளை நிறமே. லோ ஆற்றங்கரையில் தாம்ப்ல்-சுர்-லோ என்ற ஊரில் 1875இல் நாற்றுப்பண்ணை தொடங்கிய ஜோசப் போரி லத்தூர்-மார்லியாக், அதை வேற்றுநாட்டு நிற அல்லிகளோடு கலந்து மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்பு நிற வகைகளை உண்டாக்கினார். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவை காட்சிக்கு வந்தன. ராபின்சன் அவரிடம் கிழங்கு வாங்கினார். ஓவியர் குளோத் மொனேயும் வாங்கினார். 1893இல் ஜிவெர்னியில் நிலம் வாங்கிக் குளம் வெட்டிய மொனே, படகில் சென்று பழுத்த இலைகளை நீக்கி, நீர்ப்பரப்பைச் சுத்தமாக வைக்கவே ஒரு தோட்டக்காரரை அமர்த்தினார். அல்லி நீரில் பாதிக்கு மேல் பரவிவிட்டால் வானத்தின் பிரதிபலிப்பு போய்விடும். மொனேயின் ஓவியத்துக்கு வேண்டியது அந்தப் பிரதிபலிப்பே.

1914இல் தொடங்கிய போர் இந்த உலகத்தை உடைத்தது. கார்ன்வாலின் ஹெலிகன் மாளிகையில் 22 தோட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பலர் 1914 ஆகஸ்டில் தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயர் எழுதிவிட்டுப் போருக்குச் சென்றார்கள், எல்லாரும் திரும்பவில்லை. தோட்டத்தைக் கொடியும் முள்ளும் மூடின. 1990இல்தான் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. போருக்குப் பின் கூலி உயர்ந்தது, சொத்து வரியும் உயர்ந்தது. கண்ணாடி வீடுகள் பாழாயின. வட்டப்பாத்திகள் புல்லுக்கே திரும்பின.

ஆண்கள் விட்ட இடத்தில் பெண்கள் வந்தார்கள். அதற்கான தொடக்கம் போருக்கு முன்பே இருந்தது: ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரியில் 1891 முதல் பெண்கள் படித்தார்கள். 1896இல் கியூ தாவரவியல் தோட்டம் அவர்களில் சிலரை வேலைக்கு எடுத்தது. ஆண்களைப்போலவே கால்சட்டை அணிய வேண்டும் என்பது நிபந்தனை. 1932 முதல் பியாட்ரிக்ஸ் ஹாவர்கல் வாட்டர்பெரியில் பெண்களுக்கென்று நடத்திய பள்ளியில் பயின்ற பமேலா ஷ்வெர்ட், சிபில் க்ரொய்ட்ஸ்பெர்கர் இருவரும் 1959இல் சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பேற்றார்கள். வீட்டா சாக்வில்-வெஸ்டும் ஹரால்டு நிக்கல்சனும் 1930இல் வாங்கிப் படைத்த அந்தத் தோட்டம் உலகப் புகழ் பெற்றதில், முப்பதாண்டுக்கு மேல் அங்கே உழைத்த இவ்விருவரின் பங்கு மிகப் பெரிது.

இந்தத் தோட்டமுறை தமிழ் நிலத்துக்கு வந்து சேர்ந்தது நீலகிரி வழியாக. உதகமண்டலத்தில் குடியேறிய ஐரோப்பியர்கள் 1845இல் சந்தா கட்டிக் காய்கறித் தோட்டம் ஒன்று தொடங்கினார்கள். அதைப் பொதுப் பூங்காவாக்க முடிவானதும், கியூவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848இல் வந்து பொறுப்பேற்றார். மேற்பகுதி மரமடர்ந்த செங்குத்துச் சரிவு; கீழ்ப்பகுதி சதுப்பு. சதுப்பில் வடிகால் வெட்டி நீரை வடித்து, சரிவைப் படிகளாக்கி, பாதை போட்டு, செடி நட ஏறத்தாழ பத்தாண்டுகள் பிடித்தன. தோட்டத்துக்கு மேலே தோடர்களின் குடியிருப்பான மந்து இருந்தது. அதைச் சுற்றி இயற்கையான மலைப்புல்வெளிகளும் சோலைகளும் இருந்தன. அந்த வெளிகளைக் கண்டு தங்கள் நாட்டை நினைத்துக்கொண்ட குடியேறிகள், வேலிக்கும் அழகுக்கும் விறகுக்குமென்று கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம், வாட்டில் ஆகியவை தோட்டத்தோடு நிற்கவில்லை. மலைப்புல்லை மூடிப் பரவிய அவற்றை அகற்ற இன்றும் பாடுபட வேண்டியிருக்கிறது. அலங்காரத் தோட்டக்கலை இந்த மலைக்குச் செய்த பெருந்தீங்கு இது.

இங்கிலாந்தின் மெல்லிய புல் சமவெளியின் வெயிலுக்குத் தாங்காது. அங்கே அறுகம்புல்லே புல்தரையாயிற்று. மலையில் கிழக்கு ஆப்பிரிக்காவின் கிக்குயு புல் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. ஓடுதண்டால் படர்ந்து மிதிபட்டாலும் மீளக்கூடிய புல் அது. உதகையில் 1896இல் தொடங்கிய மலர்க்காட்சி இப்போதும் மே மாதத்தில் நடக்கிறது. அதற்கான நாற்றுகள் மாதக்கணக்கில் முன்பே விதைக்கப்பட்டுத் தொட்டிகளில் வளர்கின்றன. காட்சிக்கு முன் புல்தரைகள் மூடி வைக்கப்பட்டுச் சீர்படுத்தப்படுகின்றன. நவம்பர் முதல் உறைபனி இறங்கும் இரவுகளில் மென்செடிகளை மிலாறு கொண்டு மூடுகிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் புல்தரையில் நீர் தெளிக்கிறார்கள். பனி உறைந்த புல்லில் வெயில் நேராகப் பட்டால் கருகிவிடும் என்பதால், அதைக் கரைத்துவிட்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குகிறார்கள்.